வேலம்மாவின் வெள்ளித் தகடு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் வேலம்மாவை ஆஸ்பத்திரித் திரைச்சீலைக்குப் பின்னால், ரவிக்கைக் கொக்கியோடு மல்லுக்கட்டிய கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். கொக்கி மாட்ட அவ்வளவு நேரம் ஆகாதுதான். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரும் மகன் சிவானந்தமும் மலாயில் பேசிக்கொண்டது காதில் விழுந்ததும் அவள் விரல்கள் மரத்துப் போய்விட்டன.

"சூடா துவா," என்றார் டாக்டர். வயசாகிவிட்டது. அறுபத்தெட்டு வயசில் மார்பை அறுத்து, அதன்பிறகு வாரக்கணக்கில் கோலாலம்பூருக்கு அலைந்து, கதிர் பாய்ச்சுகிற கரண்டு வைத்து, அந்த உடம்பை எதற்குப் பாடாய்ப் படுத்த வேண்டும்? மாத்திரை எழுதித் தருகிறேன், இருக்கிறவரை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்பான மனுஷர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சிவானந்தமும் சரி டாக்டர், சரி டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

அம்மாவுக்குக் காது மந்தம் என்பது அவன் நினைப்பு. வேண்டாத பேச்சு வரும்போது மட்டும் மந்தமாகிற காது அது. இத்தனை வருஷம் கூட இருந்தும் அவனுக்கு அது தெரியவில்லை.

அன்றிலிருந்து பத்தாம் கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அந்த ஒரு வீட்டில் நடப்பதைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்பார்களே, அந்தப் பூசணிக்காய்க்கு எதிரிலேயே உட்கார்ந்து வேலம்மா தினமும் சாப்பிட்டாள்.

"கொழுப்புக் கட்டிதான் அத்தை. மாத்திரையிலேயே கரைஞ்சிடுமாம்," என்றாள் மருமகள் கலாவதி. சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

இந்தக் கலாவதியும் வேலம்மாவும் டெலிவிஷன் சத்தத்துக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தவர்கள். இப்போது மாமியார் லேசாக இருமினால் போதும், பெட்டியின் வாய் மூடப்பட்டது. மீன் குழம்பில் தலைத்துண்டு கேட்காமலேயே தட்டில் விழுந்தது. புதுத் தலையணை வந்தது. நல்லவேளை, வேலம்மா திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கேட்காமல் இருந்திருந்தால், மருமகள் காட்டிய பாசத்தைப் பார்த்தே தனக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று பயந்து போயிருப்பாள்.

தனக்குத் தெரியும் என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை. பாவம், கஷ்டப்பட்டு மறைக்கிறார்கள், முகம் வாடிப் போவார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக்கூட வெட்கப்பட்டாள். அவளுக்கு அதை அறுத்து எடுத்துவிட வேண்டும். கரண்டு வைக்க வேண்டுமானால் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் இருக்க வேண்டும்.

அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று லயத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? அவள் வயசுக்காரிகளைப் பற்றித்தானே? புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இன்னும் உயிர் மேல் என்ன ஆசை என்று ஊர் சிரிக்கும். அதுவும் எந்த இடத்தில் வியாதி? பால் கொடுத்து வளர்த்த பிள்ளையிடம் எந்த வார்த்தையைச் சொல்லி ஆரம்பிப்பாள்?

மனிதர்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் ஆள் இருந்தாள். தோட்டத்து மாரியம்மன். கண்ணில் நோவு வந்தால் வெள்ளியில் கண் செய்து அம்மனுக்குச் சாத்துவார்கள். கால் நோவுக்குக் கால், கை நோவுக்குக் கை. வேலம்மா போன வாரமே யாருக்கும் தெரியாமல் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போய்த் தனபாலன் ஆசாரியிடம் சொல்லி வைத்துவிட்டு வந்தாள்.

சொன்னாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஆசாரியின் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரில் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணா என்றார் ஆசாரி. இல்லை. காலா? இல்லை. ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடி இழுப்பறையைத் திறந்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஜோடியா, ஒத்தையாம்மா?"

"ஒத்தை," என்றாள் வேலம்மா. "எடது பக்கம்."

அந்த இழுப்பறையில் அதற்கென்று தனி அச்சே இருந்தது. அப்படியானால் தனக்கு முன்னால் எத்தனை பெண்கள் இதே இடத்தில் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள். அதை நினைத்ததில் மனசு கொஞ்சம் லேசானது.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கோயிலில் கொடியேற்றம். அதற்குள் தகடு கைக்கு வந்தாக வேண்டும்.

"டவுனுக்குப் போயி நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வாறேன்," என்றாள் கலாவதியிடம்.

திருவிழாக் கொடி ஏறுகிற நாளில் கருவாடா என்று வேறு நாளாயிருந்தால் கலாவதி ஒரு பாட்டம் பாடித் தீர்த்திருப்பாள். விரதமும் சுத்தமுமாக வீடு கழுவி விட்டிருக்கிறது. ஆனால் அவளோ குடையை எடுத்துக் கொடுத்து, நானும் கூட வரட்டுமா அத்தை என்றாள். அவ்வளவு பெரிய பிழையையும் மன்னித்துவிட்ட மருமகளைப் பார்க்க வேலம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேண்டாம் என்று கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் முந்தின இரவு நினைவு வந்தது. சிவானந்தம் சோற்றைப் பாதியில் வைத்துக் கை கழுவிவிட்டான். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரனுக்குப் பசி இல்லாமல் போவது எப்படி? லோரியில் ஏதோ கோளாறு, மேனேஜர் ஏசியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் ஆபீஸ் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து, அவள் பாயருகே கொஞ்ச நேரம் நின்றான். அவள் தூங்குவது போல் கிடந்தாள்.

புக்கிட் பெலிம்பிங் தாண்டி, டவுனில் இறங்கி, ஆசாரி கடைக்கு நடந்தாள். ஆசாரி அவளைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்.

"மவன் குடுக்கலியாம்மா?"

"எந்த மவன்?"

"ஒங்க சிவாதான். நேத்து ஒங்க பேத்திக் கம்மலுக்குத் திருகு போட வந்தாப்ல. நீங்க எதுக்கு வெயில்ல அலையணும்னு ஒங்க பொட்டலத்தையும் அவர் கையிலேயே குடுத்து விட்டேன்."

ஆசாரியைக் குறை சொல்ல முடியாது. விதவைத் தாய் சொல்லி வைத்த சாமானை மகன் கையில் கொடுப்பதுதான் எந்த ஊரிலும் வழக்கம். யாருடைய நகை, யாருடைய வேண்டுதல் என்றெல்லாம் அதில் பார்ப்பதில்லை. பொட்டலத்தை ரோஸ் தாளில் மடித்து நூல் கட்டித்தான் கொடுத்தாராம். நூலை அவிழ்க்காமல் இருக்க முடியுமா? அதனால்தான் பாதிச் சோறு.

வேலம்மா பஸ் நிலையத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அவன் பார்த்துவிட்டான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்துகொண்டான். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வயசில் இவளுக்கு இப்படி ஓர் ஆசையா என்று நினைத்திருப்பானோ? அந்த நினைப்புத்தான் வியாதியைவிட அதிகமாக வலித்தது.

"வேலம்மா, என்ன இஞ்ச தனிய?"

கிராணியம்மா யோகாம்பாள். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியின் மனைவி, யாழ்ப்பாணத்து ஆள். கையில் பூசைச் சாமான் பை. போன வருஷம் இதே வியாதிதான் இவளுக்கும் வந்தது. கோலாலம்பூரில் அறுத்து, ஆறேழு வாரம் மச்சாள் வீட்டில் தங்கிக் கரண்டு வைத்துக்கொண்டு வந்தாள். முன்பெல்லாம் வேலம்மாவை நீ என்றுதான் கூப்பிடுவாள். வியாதி வந்து போனதிலிருந்து எல்லோரையும் நீங்கள் என்கிறாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் வேலம்மா ஒன்றும் சொல்லத் திட்டமிடவில்லை. ஆனால் இத்தனை நாள் அடக்கியது, கேட்க ஒரு காது கிடைத்ததும் கொட்டிவிட்டது. டாக்டர் சொன்னது, மகன் தலையாட்டியது, மாத்திரை, தகடு, எல்லாம்.

"ஒங்களுக்கு மாத்திரை மட்டும் போதும்னு சொல்லலியா கிராணியம்மா?" என்று கடைசியில் கேட்டாள் வேலம்மா.

"இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயசு. அறுக்கிறதோ விடுறதோ எண்டு ஒரு கதையே வரேல்லை. என்னென்ன செய்யலாமோ எல்லாம் செய்யுங்கோ எண்டு இவர் சொன்னார், செய்தினம்." பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லைத்தான். ஆனா எனக்குக் கேளாமலே கிடைச்சது. உங்களுக்குக் கேளாமலே இல்லையெண்டு சொல்லிப் போட்டினம்."

வலிக்குமா என்று கேட்டாள் வேலம்மா. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன் என்றாள் யோகாம்பாள். கரண்டு வைத்த இடம் கறுத்துத் தோல் உரிந்ததையும், பல நாள் வாந்தியில் கிடந்ததையும், ரவிக்கைக்குள் ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டதையும் மறைக்காமல் சொன்னாள். முதல் நாள் கண்ணாடியைப் பார்த்து அழுதாளாம். பிறகு பழகிவிட்டதாம்.

"கையத் தூக்க முடியுதா?" காடு மேடெல்லாம் புல் வெட்டிய வேலம்மாவுக்கு அதுதான் பெரிய கேள்வி.

யோகாம்பாள் பையைக் கீழே வைத்தாள். பஸ் நிலையம் முழுக்கப் பார்க்க, கிளாஸில் பதில் தெரிந்த பிள்ளையைப் போலக் கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக் காட்டினாள். ஒரு டாக்ஸிக்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிவானந்தத்தின் லோரி வந்து நின்றது. ஆலையில் குலையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனவன், அம்மா டவுனுக்குப் போயிருக்கிறாள் என்று கலாவதி சொன்னதும் அப்படியே திருப்பிக்கொண்டு வந்திருக்கிறான். கிராணியம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அம்மாவைக் கைகொடுத்து மேலே ஏற்றினான்.

லோரி கிளம்பியது. இருவரும் ரோட்டையே பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார லோரியைப் போல் வசதியான இடம் வேறில்லை. தென்னந்தோப்பு ஒன்று போயிற்று, சீனன் கோயில் போயிற்று. சிவானந்தம் தலைக்கு மேல் கைவிட்டு வெயில் மறைப்புக்குள் செருகியிருந்த ரோஸ் தாள் பொட்டலத்தை எடுத்தான். அவள் மடியில் வைத்தான்.

"ஏம்மா, தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியா?"

அவன் லோரியை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். நாற்பது வயசு ஆம்பிளை. தோளெல்லாம் குலுங்கியது.

"அப்பாவுக்கு நான்தானேம்மா கையெழுத்துப் போட்டேன். வயித்த அறுக்கணும்னாங்க, போட்டேன். உள்ள போனவரு வெளிய வரல. ஒன்னையும் அப்படி என் கையாலயே..." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றினான். "டாக்டரு வேணாம்னு சொன்னதும், ஐயா சாமி, இந்தத் தடவ நான் போட வேண்டாம்னு தோணிச்சும்மா. அவ்வளவுதான்."

இத்தனை வருஷம் இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டா திரிந்தான் என்று வேலம்மா நினைத்தாள். புருஷன் முருகையா செத்தபோது இவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அழுதவனைத் தேற்ற வேண்டியவள் அன்று தன் அழுகையிலேயே இருந்துவிட்டாள்.

"சிவா, இங்க பாரு. அப்பா அறுத்ததனால சாவல. ரெண்டு நாளு வயித்து வலியோட பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போனாரு. குடல் வெடிச்சப்பறம்தான் தூக்கிட்டு ஓடினோம். நேரங்கழிச்சு அறுத்தாங்க, அதான்." அவன் முதுகைத் தடவினாள். "நீ போட்ட கையெழுத்துல ஒரு குத்தமும் இல்ல."

அவன் நிமிரவில்லை. வேலம்மா பொட்டலத்து நூலை விரலில் சுற்றினாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"எனக்கு அத அறுத்துக்கணும்டா."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"சிரிக்காத. எனக்கு இருக்கணும்னு ஆசையா இருக்கு. எத்தன வயசுல இருந்து, விடியுமுன்ன அடிக்கிற பெரட்டு மணிக்கு எந்திரிச்சேன்னு எனக்கே தெரியாது. இருட்டுல சோறு கட்டி, இருட்டுல நடந்து. வேலையிலேருந்து நின்னப்பறம் ஒம்புள்ளைங்களுக்கு எந்திரிச்சேன். சின்னவ ஹாஸ்டலுக்குப் போன பின்னாலதான் விடிஞ்சப்பறம் எந்திரிக்கிறேன். கண்ணத் தொறந்தா சன்னல்ல வெளிச்சம் இருக்கு. யாரும் கூப்பிடல. ஒரு வருஷந்தான் ஆச்சு சிவா. எனக்கு இன்னும் போதல."

அவன் சிரிக்கவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்தான். மணியைப் பார்த்தான். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வெள்ளிக்கிழமைகளில்தான் இந்தப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பார், சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடுவார். குலை ஏற்றும் லோரியை அவ்வளவு மெதுவாக, ஒரு கல்லில்கூட ஏற்றாமல், சிவானந்தம் திருப்பி வேலம்மா பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைவிட மூத்த பெண்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மலாய்க்காரி, ஒரு சீனக் கிழவி. இருவருடைய மகன்களும் உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சரி சொல்லிவிட்டு வரப்போகிறார்களோ என்று வேலம்மா நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. டாக்டர் வழக்கம்போல் சிவானந்தத்துக்கு நாற்காலியைக் காட்டி, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று அவனிடம் கேட்டார். சிவானந்தம் உட்காரவில்லை. அந்த நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தான்.

"டாக்டர், அம்மாவையே கேளுங்க," என்றான் மலாயில். "நான் போன தடவ கேக்காம சரின்னு சொல்லிட்டேன்."

டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். வேலம்மா புல்வெட்டுக் காட்டில் மலாய்ப் பெண்களோடு சரிக்குச் சரி சண்டை போட்ட மலாய் எங்கோ ஓடிவிட்டது. மடியிலிருந்த பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டதும் திரும்பி வந்தது. எங்கள் கிராணியம்மாவுக்கும் இதே வியாதி, அவருக்கு அறுத்தார்கள், கரண்டு வைத்தார்கள், இப்போது கையைத் தூக்குகிறார், எனக்கும் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வயசு என்ன என்று கேட்டார் டாக்டர். அவள் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். உங்கள் வயசில் யாரும் என்னிடம் அறுக்கச் சொல்லிக் கேட்டதில்லையே அம்மா என்றார். கேலியாக அல்ல, உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார்.

"கேக்கலன்னா வேணாம்னு அர்த்தமா டாக்டர்?" என்றாள் வேலம்மா.

டாக்டர் எழுந்து வந்து, போன தடவை செய்யாததையெல்லாம் செய்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார், மூச்சு வாங்குகிறதா என்று வராந்தாவில் வேகமாய் நடந்து காட்டச் சொன்னார். வேலம்மா நடந்த வேகத்தில் நர்ஸ் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

உடம்பு தாங்கும் என்றார் டாக்டர். போன தடவை நான் வயசைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை என்று அவரே சொன்னார். ஆனால் ஒன்று இருக்கிறது. வியாதி அந்தக் கட்டியோடு நிற்கிறதா, நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து படம் எடுக்க வேண்டும். நிற்கிறது என்றால் அறுக்கலாம், கரண்டும் வைக்கலாம். போய்விட்டது என்றால் உட்கார்ந்து வேறு பேச வேண்டும். இதையெல்லாம் அவர் சிவானந்தத்திடம் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார். பயமாயிருந்தாலும், தன் உடம்பைப் பற்றித் தன்னிடமே பேசுவது கேட்க வேலம்மாவுக்கு நன்றாயிருந்தது.

தோட்டத்துக்குள் லோரி நுழைந்தபோது கோயில் பக்கம் மேளம் கேட்டது. கொடி ஏறிக்கொண்டிருந்தது. சிவானந்தம் கோயில் வாசலில் நிறுத்தி, தகட்டைச் சாத்திவிட்டுப் போகலாமா அம்மா என்றான்.

வேலம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு, நன்றாகத்தான் செய்திருந்தார் ஆசாரி. யாரும் கேட்காதபோது அம்மனிடமாவது சொல்லி வைப்போம் என்றுதான் இதைச் செய்யச் சொன்னாள். இன்று மனிதர்கள் கேட்டுவிட்டார்கள்.

"இப்ப வேணாம். மஞ்சத் துணியில முடிஞ்சு வைக்கிறேன். நல்லாயி வந்து, நானே கையத் தூக்கிக் கட்டுறேன். வெள்ளி வேணும்னா அம்மனும் என்னை விட்டு வைக்கட்டும்," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

லயத்து வாசலில் ஒரு கார் நின்றது. ராசா என்ற ஊரிலிருந்து மகள் கங்கா வந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவின் சேலைகள் ஒரு பையில் அடுக்கித் தயாராக இருந்தன. பக்கத்தில் கலாவதி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நேற்று ராத்திரி சிவானந்தம் ஆபீஸ் பக்கம் போனது எதற்கென்று வேலம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கிருந்து தங்கைக்குப் போன் போட்டிருக்கிறான்.

கங்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ராசாவுக்கு வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன், இருக்கிற கொஞ்ச நாள் கத்தி கித்தி இல்லாமல் நிம்மதியாக என்னோடு இரு என்று தேம்பினாள். எல்லாம் அன்புதான். அந்த டாக்டர் காட்டியதும் அன்பு, மகன் காட்டியதும் அன்பு. இத்தனை அன்பிலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க முதலில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அம்மா எங்கயும் வரல," என்றான் சிவானந்தம். "திங்கக்கெழம படம் எடுக்கப் போறோம். முடியும்னா அறுக்கப் போறோம்."

கங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் தோட்டமே அதிரும். "இந்த வயசுல அம்மாவ அறுக்கிறதா? அப்பாவப் பண்ணது பத்தாதா? யாரக் கேட்டு முடிவு பண்ணுனீங்கண்ணே?"

சிவானந்தம் குனிந்து தங்கையின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

"அம்மாவக் கேட்டு," என்றான்.

கங்கா அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், கடைசியில்தான் அம்மாவைப் பார்த்தாள். வேலம்மா பையைத் திறந்து, மகள் அடுக்கிய சேலைகளுக்கு நடுவே தகட்டை மஞ்சள் துணியில் முடிந்து வைத்து மூடினாள். இந்தப் பை கோலாலம்பூருக்குத்தான் போகும் என்றாள். படத்தில் என்ன விழப்போகிறதோ தெரியாது. அது தெரியும்வரை சனி, ஞாயிறு இரண்டு காலையிலும் வெளிச்சம் வந்த பிறகுதான் எழுந்திருப்பது என்று முடிவு செய்துகொண்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி கலக்கக் கலாவதியிடம் சொன்னாள்.